பதினேழாம் எண் கேசட்

இப்போதெல்லாம் அழுவதற்கும் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். காலை பத்து முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் ஆறு, வெள்ளிக்கிழமை விடுமுறை. வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு காதில் மாட்டும் கருவியைக் கொடுக்கிறார்கள். உள்ளே போய் இருபது நிமிடம் செத்தவர்களின் குரலைக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதே ஆட்கள்தான், டாக்ஸியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உயிருள்ள கிழவன் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். போன் அடித்தே இருக்காது.

நான் படித்தவன் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். சண்டைக்கு ஆள் பிடித்த காலத்தில் பட்டாளத்திலிருந்து ஓடி, மலை தாண்டி, கடைசியில் குளிர் தேசத்துக் கோதன்பர்க்கில் ஓர் ஓட்டலின் பின்கட்டில் போய் நின்றேன். இருபத்தேழு வருஷம் தட்டு கழுவினேன். சொந்த ஊரான சுலைமானியாவுக்குத் திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. பெயர் தர்வேஷ். தெருவில் மாமோ தர்வேஷ் என்று மாமன் முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டு வழி கேட்பார்கள், வேறொன்றும் கேட்க மாட்டார்கள்.

ஸாபிர் என் பழைய தெருக்காரன். முடி வெட்டுகிறவன். என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்பான். அன்று என் தாடையில் நுரை பூசிக் கத்தியைத் தொண்டையில் வைத்திருந்த நேரமாகப் பார்த்துத்தான் சொன்னான்.

"காக்கா, கோவிச்சுக்காதே. உன் பொண்டாட்டி பழைய ஐஸ் ஃபேக்டரியில பேசிக்கிட்டு இருக்கா."

"எவ பொண்டாட்டி?"

"உனக்கு எத்தனை பொண்டாட்டி? ஹப்ஸாதான். நேத்து பேத்தியோட பள்ளிக்கூடத்துக்காரங்க எங்களையும் கூட்டிட்டுப் போனாங்க. பதினேழாம் நம்பர் ரூம், சின்னது, இருட்டு. காதுல மாட்டினேன். 'தக்காளி இந்த வருஷம் தண்ணியா இருக்கு'ங்கறா. கழட்டிப் பேத்தி கையில குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். நாலு வீடு தள்ளி இருந்து தெனம் கேட்ட குரல் காக்கா. எங்க வீட்டுக் கோழியை அவ திட்டாத நாள் உண்டா?"

"அவ செத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுடா."

"அது எனக்குத் தெரியாதா? பட்டாளத்துக்குப் பயந்து ஊரே மலைக்கு ஓடுன அந்த மழையில, பெஞ்வீன் ரோட்டோரம், குழி வெட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்." கத்தியைத் துண்டில் துடைத்தான். "அதனாலதான் பயந்துட்டேன்."

பாதித் தாடியோடு எழுந்து போனேன்.

பழைய ஐஸ் ஃபேக்டரி இப்போது 'புலம்பெயர் இலக்கியப் பேரில்லம்' ஆகியிருந்தது. எழுத்துகள் ஆள் உயரம் இருந்தன. உள்ளே இன்னும் அந்தப் பழைய குளிர் சுவரிலிருந்து போகவில்லை. நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. மேலே நாலு விளக்கு, சுற்றிலும் சிவப்புக் கயிறு. உள்ளே ஒன்றுமில்லை. கீழே இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'மகாகவி கர்தலூல் நாடு நீங்குமுன் எழுதிய காவியம். எதிரிகள் கைப்பற்றி எரித்தார்கள். இது அந்த இன்மையின் இருப்பிடம்.'

கர்தலூல் என்றால் சூறாவளி. அந்த ஆள் வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை. வியன்னாவில் படுக்கையில் செத்தார். ஊரை விட்டுப் போகுமுன் ஒரு நோட்டை என் வீட்டில் கொடுத்து வைத்திருந்தார், நானும் மாவுத் தொட்டிக்குள் போட்டு வைத்தேன். அந்த நோட்டைத்தான் எதிரி பிடித்தானா என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரியவர்கள் விஷயம், நமக்கென்ன என்று தாண்டிப் போனேன்.

பதினேழாம் எண் அறை ஒரு ஆள் நிற்கும் அளவு இருந்தது. வாசலில் 'பெயர் அறியாத பெண் கவி. தக்காளிக் காலம்' என்று போட்டிருந்தது. கருவியை மாட்டினேன். ஒரு கரகரப்பு. ஒரு கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு:

"தர்வேஷ், நல்லா இருக்கியா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, எழுதினால் பிரித்துப் படிக்கிறவர்கள் அதிகம். அதனால் கேசட்டில் பேசி அனுப்புவோம். லாரி டிரைவர்களும் கடத்தல்காரர்களும் கொண்டுபோவார்கள். எல்லாரும் கேசட் தீர்வதற்குள் கடகடவென்று கொட்டிவிடுவார்கள். ஹப்ஸா மட்டும் ஒரு கேள்வி கேட்டால், நான் பதில் சொல்லி முடிக்கும் வரை சும்மா இருப்பாள். பதில் சொல்ல இடம் விடாமல் பேசினால் அது பேச்சில்லை, திட்டுவது என்பது அவள் கட்சி. நானும் அங்கே ஓட்டல் பின்கட்டில், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்த இடத்தில் பதில் சொல்வேன்.

"நல்லா இருக்கேன்" என்றேன்.

"ம்" என்றாள். "நாங்களும் நல்லா இருக்கோம். சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லை."

"அங்க என்ன சாப்பாடோ. தக்காளி இந்த வருஷம் தண்ணியா இருக்கு. மாடியில மூணு தட்டு காயவெச்சேன், ஒரு தட்டுல ஸாபிர் வீட்டுக் கோழி நடந்துடுச்சு. நாசமாப் போக. உன் கால் வீக்கம் வத்திச்சா?"

"எங்க வத்துச்சு, இன்னும் அப்படியேதான்."

"தைலம் தடவு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படாதே…"

அவ்வளவுதான். டொக்கென்று நின்றது. மறுபடி கரகரப்பு, மறுபடி கரண்டி, "தர்வேஷ், நல்லா இருக்கியா?"

இந்தக் கேசட் எனக்கு வந்து சேராத கேசட். நான் கேட்டதே இல்லை. கோபப்படாதே என்று சொல்லிவிட்டு அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எதற்குக் கோபப்படக் கூடாது என்று எனக்கு யார் சொல்வது? ஆறு முறை கேட்டேன். ஆறு முறையும் பதில் சொன்னேன். அறை வாசலில் காவலாளி பெஸ்தூன் வந்து நின்றான்.

"மாமோ, உள்ள பேசக் கூடாது."

"அவ கேட்டா, சொன்னேன்."

"யாரு கேட்டா?"

"உள்ள இருக்கறவ."

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதினான். எட்டிப் பார்த்தேன். 'பார்வையாளர் காட்சிப்பொருளுடன் உரையாடினார். முதல் எச்சரிக்கை.'

அலுவலகத்தில் ஷீலான் என்றொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்துதான் விவரம் தெரிந்தது. கேசட் கொண்டுபோகும் டிரைவர் இஸ்மாயில், ஒரு நாள் பிடிபடப் போகிறோம் என்று பயந்து, சாக்கை வீட்டுச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டான். பிடிபட்டான், திரும்பவில்லை. போன வருஷம் சுவரை இடித்தபோது சாக்கு விழுந்தது. நாற்பத்தொரு கேசட். பேரில்லம் வந்து அள்ளிக்கொண்டு போய் நாற்பத்தொரு கவிஞர்களைக் கண்டுபிடித்தது.

"எனக்கு என் வீட்டுக்காரி கேசட்டைக் குடும்மா. உங்க மத்த கவிஞருங்களை நீங்களே வெச்சுக்கோங்க."

"படிவம் இருக்கு மாமோ. எழுதிடலாம். எந்த வகைப் புலம்பெயர்வு? அரசியலா, இலக்கியமா, ஆன்மிகமா?"

"தட்டு கழுவினேன்."

"அது வகையில இல்லையே."

"முப்பது பேரு ஒரே ரூம்ல படுத்தோமே, அது?"

"அதுவும் இல்லை. சரி, பிறந்த தேதி?"

"ஜூலை ஒண்ணு."

பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க அப்பாவுக்கும் ஜூலை ஒண்ணு. வாசல்ல நிக்கிற பெஸ்தூன் காக்காவுக்கும் ஜூலை ஒண்ணு."

அவள் மேல் தப்பில்லை. என் சின்ன வயதில் கணக்கெடுக்க வந்த குமாஸ்தா, எப்போது பிறந்தான் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் 'கழுதை செத்த வருஷம்', 'பெரிய பனி விழுந்த வருஷம்' என்றார்கள். அவன் எல்லாருக்கும் ஜூலை ஒன்று என்று போட்டுவிட்டு இறங்கிப் போனான். எங்கள் தலைமுறை முழுக்க ஒரே நாளில் பிறந்தது. பெற்றவர்களுக்குத்தான் அது தெரியாது.

ஷீலான் கணினியைத் தட்டினாள். ஜூலை ஒன்றில் பிறந்த தர்வேஷ்கள் நூற்றுப் பதினான்கு பேர் இருந்தோம்.

அந்த நேரம் உள்ளறையிலிருந்து இயக்குநர் டாக்டர் ஷாஸ்வார் வந்தார். கோடையிலும் கழுத்தில் ஒரு சால்வை. பாரிஸில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து கழற்றவில்லையாம். மாமோஸ்தா, அதாவது ஆசிரியரே, என்று கூப்பிட்டால்தான் முகம் திருப்புவார். விஷயத்தைக் கேட்டார். என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"நூற்றுப் பதினான்கு பேர்! பார்த்தாயா ஷீலான்? நான் கட்டுரையில் எழுதியதுதான். தர்வேஷ் என்பது ஓர் ஆளின் பெயரே அல்ல. தர்வேஷ் என்றால் உண்மையைத் தேடி அலைகிற துறவி. வீடற்ற ஆன்மா. அந்த ஆன்மாவைப் பார்த்துத் தாயகம் கேட்கிறது, சாப்பிட்டாயா என்று. என்ன ஒரு வரி!"

"மாமோஸ்தா, அது என் பேரு. எங்க தாய்மாமா வெச்சது."

"உங்களுக்குப் புரியாது மாமோ. நீங்கள் மனிதர் இல்லை. நீங்கள் ஒரு குறியீடு."

"காலையில ரெண்டு தடவை கக்கூசுக்குப் போனேன். குறியீடு போகுமா?"

ஷீலானுக்கு இருமல் வந்தது. இயக்குநர் கோபப்படவில்லை. நான் குறியீடு அல்ல என்று அரசு அலுவலகத்தில் எழுதி வாங்கி வந்தால் பரிசீலிக்கலாம் என்றார்.

பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அவர்களிடம் பிறப்பு, இறப்பு, திருமணம், விவாகரத்து என்று நாலு முத்திரைதான் இருந்தது. அங்கே இருந்தவன் நல்லவன். யோசித்து, உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சான்று எழுதி முத்திரை குத்தினான். கொண்டுவந்து நீட்டினேன். டாக்டர் ஷாஸ்வார் படித்துவிட்டுச் சிரித்தார். "குறியீடுகள் எப்போதும் உயிரோடுதான் இருக்கும் மாமோ. சாகிறவர்கள் மனிதர்கள். நீங்கள் என் வாதத்துக்கே சான்று கொண்டுவந்திருக்கிறீர்கள்." அதை வாங்கி, பதினேழாம் அறை வாசலில் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் 'தக்காளியும் தாயகமும்' என்று ஆய்வரங்கம். வந்தால் கோரிக்கை சீக்கிரம் நகரும் என்று சொல்லி அழைத்தார்கள். முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி. முதுகில் 'அலையும் ஆன்மா' என்று சீட்டு ஒட்டியிருந்தது. இடப்பக்கம் இருந்தவன் தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்தான், ஆன்மாவுக்கு மடி உண்டு என்று அவனுக்காவது தெரிந்திருந்தது.

டாக்டர் ஷாஸ்வார் பேசினார்.

"நண்பர்களே, புலம்பெயர்வு என்பது இடம் மாறுவது அல்ல. இடம் மாறுவது போக்குவரத்து. நான் இந்த ஊரை விட்டு ஒன்பது நாள் தவிர வெளியே போனதில்லை. என்னை விடப் புலம்பெயர்ந்தவன் யார்? உண்மையிலேயே போனவர்களுக்கு அங்கே வேலை இருந்தது, குளிர் இருந்தது, காவல் நிலையத்தில் கையெழுத்து இருந்தது. அவர்களுக்கு ஏங்க நேரம் ஏது? அவர்களுக்காக இங்கே உட்கார்ந்து ஏங்கியவர்கள் நாங்கள். அந்த ஏக்கத்துக்கு ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. ஏக்கத்துக்கு ஓட்டுநர் தேவைப்பட்டார், கார் தேவைப்பட்டது. இன்று எங்கள் ஏக்கத்தில் அறுபத்திரண்டு பேர் பணிபுரிகிறார்கள்."

கைதட்டினார்கள். பிறகு கவியின் மௌனத்துக்கு வந்தார். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஏழு விநாடி. கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். ஏழு விநாடியும் ஏழு நூற்றாண்டு அடிமைத்தனமாம்.

ஒரு பேராசிரியர் எழுந்து கேட்டார்: "அந்தக் கோழி எந்த வல்லரசைக் குறிக்கிறது?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "அது ஸாபிர் வீட்டுக் கோழிங்க."

"ஸாபிர்! பொறுமையாளன்!" என்றார் பேராசிரியர். "பொறுமையின் வீட்டிலிருந்து புறப்படும் அழிவு!" வேகமாக எழுதிக்கொண்டார்.

"அய்யா, தக்காளி தண்ணியா இருந்தா விழுது கெட்டிப்படாது. அதைத்தான் சொல்றா. ஏழு விநாடி மௌனம் எல்லாம் இல்லை, நான் பதில் சொல்றதுக்கு விட்ட எடம் அது. நான் கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவேன், அதான் ஏழு. வேற ஆளா இருந்தா நாலு விட்டிருப்பா."

இதற்கும் கைதட்டினார்கள். பாமரனின் குரலில் உள்ள வலி என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும் மாமோஸ்தா. ஒண்ணு சொல்லணும், கோபப்படாதேங்கறாளே, அதுக்கு அப்புறம் என்ன சொல்றா?"

"அங்கே உரை முடிகிறது. சொல்லப்படாததே கவிதை."

"கேசட்டுல ஒரு பக்கம் முப்பது நிமிஷம். நீங்க மூணு நிமிஷம்தானே போடுறீங்க. அவ காசு குடுத்து வாங்கின கேசட்டை வீணாக்கறவ இல்லை."

அப்போதுதான் முதல்முறையாகக் கூடம் அமைதியானது. எட்டு விநாடி இருக்கும். யாரும் அளக்கவில்லை. டாக்டர் ஷாஸ்வார் தண்ணீர் குடித்தார். "மீதிப் பகுதி ஆய்வில் உள்ளது" என்றார். தேநீர் இடைவேளை அறிவித்தார்கள்.

பின்வாசல் பக்கம் போய் நின்றேன். ஒல்லியாக ஒரு ஆள், என் வயது இருக்கும், கையில் சின்ன திருப்புளியோடு வந்தார். எங்கள் மொழியைக் கல் தடுக்கித் தடுக்கி நடப்பவர் மாதிரி பேசினார். பெயர் அபூ லைத். மோசூல் அரபிக்காரர். அங்கே முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை. கறுப்புக் கொடிக்காரர்கள் வந்தபோது, கட்டின துணியோடு மனைவியை இழுத்துக்கொண்டு இங்கே ஓடி வந்தவர். பேரில்லத்தில் கேசட்டுகளைச் சுத்தம் செய்வது இவர்தான்.

"ஹாஜி, நானும் இங்க படிவம் குடுத்தேன். ஒரே நாட்டுக்குள்ள வந்ததால நான் புலம்பெயர்ந்தவன் இல்லையாம். சுற்றுலாப் பயணியாம். சோதனைச் சாவடியில குடுத்த சீட்டுலயும் அப்படித்தான் போட்டிருக்கு. ரெண்டு வருஷமா சுத்திப் பாத்துக்கிட்டே இருக்கேன்." சிரித்தார். பல் பாதி இல்லை. "வாங்க. டைரக்டர் டிவிக்குப் பேட்டி குடுக்கறாரு. அரை மணி நேரம் ஆகும்."

அவருடைய அறை முன்பு ஐஸ் கட்டி அடுக்கிய அறை. ஜன்னல் இல்லை. மேஜையில் ஒரு பழைய டெக். பதினேழாம் கேசட்டை எடுத்து, விரலால் சுற்றிப் பார்த்து, உள்ளே வைத்தார்.

"உங்க பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். ஆனா அந்தம்மா எங்க மூச்சு விடும், எங்க கரண்டியை வைக்கும்னு தெரியும். ஆறு மாசமாக் கேக்குறேன். ஆளில்லாதப்ப நானே பதில் சொல்லிடுவேன்."

"என்னன்னு?"

"சாப்பிட்டேன்னு. வேற என்ன சொல்றது?"

"யோவ், என் பொண்டாட்டிக்கு நீ எதுக்கய்யா பதில் சொல்ற?"

"கேள்வி கேட்டுட்டுக் காத்துக்கிட்டே இருக்கு ஹாஜி. பாவமா இல்லையா?"

டெக் பக்கம் குனிந்தேன். அவர் பொத்தானை அழுத்தினார்.

"கோபப்படாதே," என்றாள் ஹப்ஸா. கொஞ்சம் நிறுத்தினாள். கோபப்பட மாட்டேன் என்று நான் சொல்வதற்கான இடம். சொன்னேன்.

"சூறாவளியோட நோட்டைத் தந்தூர் அடுப்புல போட்டுட்டேன். வியாழக்கிழமை பட்டாளத்துக்காரங்க தெருமுனை வீட்டுல புகுந்து, தலையணையைக் கூடக் கிழிச்சுத் தேடினாங்க. அடுத்தது நம்ம வீடு. போடறதுக்கு முன்னாடி டீச்சர் பொண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன், முக்கியமானதா இருந்தா மனசுலயாவது வெச்சுக்கலாமேன்னு. நாப்பது பக்கம் அவரோட வலியைப் பத்தியே இருக்கு. அப்படி என்ன வலி அவருக்கு, பல்லா? நம்ம மலை ஒரே ஒரு தடவை வருது, அதுவும் அவர் அதுல ஏறி நிக்கறதுக்கு. போட்டுட்டேன். பதினோரு ரொட்டி சுட்டேன். நல்லா வந்துச்சு. உனக்குக் கோபமா?"

"இல்லை" என்றேன்.

"ம். போன தடவை நீ அனுப்பினதுல பேச்சே இல்லை. தட்டு கழுவற சத்தம் மட்டும் இருக்கு. கேசட்டு கெட்டுப்போச்சுன்னு ஸாபிர் சொன்னான். கெட்டுப்போகலை, எனக்குத் தெரியும். பேச வாய் வரலை உனக்கு. பரவாயில்லை. நான் முழுசாக் கேட்டேன். நடுவுல ஒரு தட்டு உடையுதே, திட்டினாங்களா?"

அந்தக் கேசட் நான்தான் அனுப்பினேன். பொத்தானை அழுத்திவிட்டு, சொல்ல ஒன்றும் இல்லாமல், அரை மணி நேரம் வேலையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அனுப்பவே இல்லை. தட்டு உடைந்ததற்கு ஒரு நாள் கூலியைப் பிடித்தார்கள். ஹப்ஸாவிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஏழு விநாடி போதவில்லை. அவள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள், இலைக்குள் அரிசியைச் சுருட்டி வேகவைக்கும் யாப்ராக் செய்ய இலை பறித்ததைப் பற்றி.

கதவு திறந்தது. சால்வை. டாக்டர் ஷாஸ்வார் நின்றிருந்தார். அபூ லைத் டெக்கை நிறுத்தினார். இலையோடு நின்றது. இயக்குநர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மேடைப் பேச்சு அவர் வாயிலிருந்து போயிருந்தது.

"கேட்டுட்டீங்களா மாமோ?"

"அஞ்சு நிமிஷம் கேட்டேன். மீதி இருக்கு."

"பாருங்க, நான் ஒளிவு மறைவு இல்லாமச் சொல்றேன். அந்த நோட்டு இருந்திருந்தா யாராவது படிக்கணும். கர்தலூலோட மத்த புத்தகத்தை எல்லாம் நான் படிச்சவன், வேற யாரையும் படிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. காலிப் பெட்டி அப்படி இல்லை. நாலு மந்திரி அதுக்கு முன்னாடி நின்னிருக்காங்க. ரெண்டு பேரு அழுதாங்க. உள்ள ஏதாவது இருக்கற பெட்டிக்கு முன்னாடி ஒரு மந்திரி நின்னு பாத்திருக்கீங்களா? எதிரி எரிச்சான்னா அது தியாகம். உங்க வீட்டம்மா எரிச்சாங்கன்னா அது சமையல். சமையலுக்கு யாரு கட்டடம் தருவா?"

"உங்க பெட்டியைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசலை. எனக்குக் கேசட்டைக் குடுங்க."

"கேசட் மக்கள் சொத்து."

"மக்களை அவ சாப்பிட்டியான்னு கேக்கலையே. என்னைத்தானே கேட்டா?"

அவர் கேசட்டை எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் அபூ லைத்தை வேலையை விட்டு நீக்கினார்கள். சுற்றுலாப் பயணிகள் பணிபுரியக் கூடாது என்று விதி இருப்பது அன்றுதான் அவர்கள் கண்ணில் பட்டதாம்.

நான் தினமும் போனேன். பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே நிற்பேன். மூன்று நிமிடத்துண்டு மட்டும்தான். அதைக் கேட்பேன், பதில் சொல்வேன். பெஸ்தூன் எச்சரிக்கை எழுதுவதை நிறுத்திவிட்டான். நோட்டு தீர்ந்துவிட்டது, புது நோட்டுக்கு மேலிடத்து அனுமதி வரவில்லை என்றான். ஒரு நாள் அவனே மெதுவாகக் கேட்டான், "மாமோ, இன்னிக்கு என்ன சொன்னாங்க?" எதைச் சொல்ல, அதே தக்காளிதான். அறையை விட்டு வெளியே வந்தாலும் அவள் உள்ளே கேட்டுக்கொண்டே இருப்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் பூட்டிய கட்டடத்துக்குள், குளிருக்குள், யாரும் இல்லாத அறையில், உன் கால் வீக்கம் வற்றியதா என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். கருவியை அணைத்துவிடுவார்கள் என்று ஷீலான் சொன்னாள். நம்பவில்லை.

ஒரு மாதம் கழித்து ஷீலான்தான் போன் செய்தாள். "மாமோ, வந்து கேசட்டை வாங்கிக்கோங்க. குடுத்துடச் சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"வாங்க, சொல்றேன்."

போனால் வாசலில் நாடா கட்டி, மேளம், கேமரா, பட்டுத்துணி. 'புதுப்பிக்கப்பட்ட தக்காளிக் காலம்' திறப்பு விழா. பழைய குரல் தெளிவில்லை, கிராமத்து வாடை அடிக்கிறது, நடுவில் சும்மா நிற்கிறது என்று பார்வையாளர்கள் எழுதிப் போட்டார்களாம். அதனால் டிவி நடிகை ஒருத்தியைப் பேச வைத்திருந்தார்கள். அறை இல்லை இப்போது, கூடம் முழுக்க ஒலிபெருக்கி. நாடாவை வெட்டினார்கள். பொழிந்தது அந்தக் குரல்.

"தர்வேஷ், நலமா இருக்கிறாயா நாங்கள் நலம் சாப்பிட்டாயா அங்கே என்ன உணவோ…"

தேன் மாதிரிக் குரல், குறை சொல்ல முடியாது. ஆனால் மூச்சுவிடாமல் போனது. வாயைத் திறந்தேன், நல்லா என்று சொல்வதற்குள் தக்காளிக்கு வந்துவிட்டாள். மூன்று நிமிடம் ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. கோழியை எடுத்துவிட்டார்கள், ஒரு அண்டை நாட்டுத் தூதரகம் வருத்தப்பட்டதாம். கடைசியில் 'கோபப்படாதே' என்ற பிறகு, 'தாயகம் உனக்காகக் காத்திருக்கிறது' என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள். நானும் அழுவேனா என்று ஒரு கேமரா என் முகத்துக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஷீலான் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். உள்ளே கேசட். ரசீதில் 'பயன்படுத்திய ஒலிநாடா, ஒன்று. உள்ளடக்கம்: இல்லை' என்று இருந்தது.

"உள்ளடக்கம் இல்லைன்னா?"

"எழுத்துல அப்படித்தான் போடுவாங்க மாமோ."

"உள்ள அவ குரல் இருக்கா, இல்லையா?"

அவள் தலை குனிந்தாள். "தெரியலை மாமோ. அபூ லைத் போனப்புறம் அந்த மெஷினைத் தொட இங்க யாருக்கும் தெரியலை. டைரக்டர் ஒரு நாள் தானே போட்டுப் பாத்தாரு. எந்தப் பொத்தானை அழுத்தினார்னு அவருக்கே சரியா ஞாபகம் இல்லை. சிவப்பா ஒண்ணு இருந்துச்சுன்னாரு."

டெக்கில் சிவப்பாக இருப்பது பதிவுப் பொத்தான், அதை அழுத்தினால் பழைய குரல் அழிந்துவிடும்.

டாக்டர் ஷாஸ்வார் மாலையோடு எங்களிடம் வந்தார். என் தோளில் கை போட்டார். கேமரா திரும்பிய பக்கம் என்னையும் திருப்பினார்.

"அசல்தான் மாமோ. நம்புங்கள். பேரில்லத்தின் முத்திரை இருக்கிறது பாருங்கள்."

முத்திரை இருந்தது. அதனால்தான் சந்தேகம். எல்லாக் கேசட்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஜூலை ஒன்றில் பிறந்தவர்கள் மாதிரி. காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே ஏதோ லேசாகக் கடகடத்தது. நாடா தளர்ந்தால் அப்படித்தான் சத்தம் வரும், அது ஆள் பேசுவதாகாது. கேசட்டை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டேன். அபூ லைத் மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடியில் குடியிருக்கிறார் என்று பெஸ்தூன் சொன்னான். அவரிடம் டெக் இருக்குமா, இருந்தாலும் இது ஓடுமா, ஓடினாலும் பேசப்போவது யார், எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினேன். மேலேயிருந்து அந்த நடிகை என் காலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்புங்கள் மாமோ!" என்று டாக்டர் ஷாஸ்வார் ஒலிபெருக்கிக்கு மேல் கத்தினார். "நம்பிக்கைதான் இலக்கியம்!"

வீங்கின காலை இழுத்துக்கொண்டு மீன் சந்தைப் பக்கம் நடந்தேன். அந்த ஆள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை.